கொழும்பு வெயிலும் கமராத் திரையும்

நேற்றுக் காலைதான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்து இறங்கினேன். பஸ் அலுப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் படுப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் எடுத்த 212 படங்களில் உருப்படியாக மிஞ்சியது 9. கமராவில் பிழையில்லை, லென்ஸிலும் இல்லை. பின்பக்கத் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு அப்படியே மறந்து போனேன், அவ்வளவுதான்.

காலை 10 மணிக்குக் காலிமுகத்திடல். கடற்காற்று சுகமாக இருந்தது, வெயில் மட்டும் கண்ணைக் குத்தியது. எடுத்த படத்தைப் பார்க்கலாம் என்றால் திரையில் என் முகம்தான் தெரிகிறது. என்னுடையது பழைய நிக்கொன் டி5300. அதன் செட்டப் மெனுவில் 'மொனிட்டர் பிரைட்னஸ்' என்று ஒன்று உண்டு, -5 இலிருந்து +5 வரை. ஒரேயடியாக +5 க்கு ஏற்றினேன். படம் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்து புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல். 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடித்தது. அங்கே வியாபாரம் செய்த தென்னிந்திய முஸ்லிம்கள் தங்கள் தொழுகைக்காக எழுப்பிய கட்டடம். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஏறி, உச்சியில் மாதுளம்பழம் போலக் குவிமாடங்கள். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு வழிவிட்டு ஒரு துணிக்கடை வாசல் நிழலில் ஒதுங்கி, எடுத்ததைப் பார்த்தேன். வெள்ளை வரிகள் எல்லாம் வெளிறிப் போனதாகத் திரை காட்டியது. சரி, வெளிச்சம் கூடிவிட்டது என்று எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, -1 க்கு இறக்கினேன். அப்புறமும் கூடுதலாகத் தெரியவே -1.7. வெயிலில் பார்க்கவென்று ஏற்றிய திரையை நிழலில் நின்று நம்பியதுதான் பிழை. செட்டியார் தெருக் கோயில் கோபுரங்களையும் அதே -1.7 இல் எடுத்துத் தள்ளினேன்.

களைத்துப்போய் வெள்ளவத்தைக்கு ஓட்டோ பிடித்தேன். மீட்டர் வேலை செய்யாதாம். இறங்கும்போது 2000 ரூபா கேட்டார். பத்துக் கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு! தமிழில் வாதாடி, தெரிந்த சிங்களத்தில் வாதாடி, கடைசியில் 1500 கொடுத்தேன். வயிறு எரிந்தது. புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் நேரே வெள்ளவத்தைக்கு 100 ஆம் இலக்க பஸ் வருகிறது. அந்தக் காசுக்கு அதில் ஒரு கிழமை போய்வரலாம். ஓட்டோதான் வேண்டுமென்றால் மீட்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பொழுதுபட்டதும் மறுபடி காலிமுகத்திடல், இறால் வடைக்காக. தள்ளுவண்டியில் கண்ணாடிக்குப் பின்னால், பல்பு வெளிச்சத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். தட்டைப் பருப்பு வடைமேல் ஓட்டோடு இறால் பதிந்திருக்கும், அதற்கு மேல் வெங்காயமும் உறைப்புச் சம்பலும். கடித்தால் இறால் ஓடு மொறுக்கென்று உடையும், அடுத்த நொடி கண்ணில் தண்ணீர் வரும். இரண்டு என்று கணக்குப் போட்டுப் போனவன் நாலு சாப்பிட்டேன். கொழும்பில் காசுக்கு முழுப் பெறுமதி கிடைத்த இடம் அதுதான். வடையையும் வண்டிக்காரரின் கையையும் எடுத்துப் பார்த்தேன். இருட்டில் +5 திரை விளக்குப் போல எரிந்தது, ஒவ்வொரு படமும் அருமை என்று நினைத்தேன். 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரமும் அப்படியே.

இரவு பெரியம்மா வீட்டில் லப்டொப்பில் போட்டேன். எல்லாம் கருமை. பள்ளிவாசலின் வெள்ளை சாம்பலாகக் கிடந்தது, இறாலைக் காணவே இல்லை. புது மெமரி காட் வாங்கக் காசு பார்த்து, இடம் குறைவாகப் பிடிக்கிற, கமரா சுருக்கி வைக்கும் ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தேன். நிழற் பகுதிகளைக் கொஞ்சம் ஏற்றியதுமே நிறப் புள்ளிகள் மணல் மாதிரிக் கிளம்பின. கமரா பிடித்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரோவில் எடுத்திருந்தால் பாதியையாவது மீட்டிருக்கலாம்.

திரையின் வெளிச்சம் படத்துக்குள் போவதில்லை. ஒரே படம் வெயிலில் மங்கலாகவும் நிழலில் பிரகாசமாகவும் இருட்டில் ஜோராகவும் தெரியும். ஏமாறாமல் இருப்பது ஹிஸ்டோகிராம் ஒன்றுதான், படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று மேடாகக் காட்டும் வரைபடம். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. என் முதல் நாள் படங்களில் மேடு முழுக்க இடப்பக்கம் குவிந்து, வலப்பக்கம் வெட்டவெளியாகக் கிடந்தது. எடுத்த இடத்திலேயே பார்த்திருந்தால் இரண்டாவது படத்திலேயே விளங்கியிருக்கும்! டி5300 இல் அது தானாக வராது. பிளேபேக் மெனுவில் 'பிளேபேக் டிஸ்பிளே ஒப்ஷன்ஸ்' போய், ஹிஸ்டோகிராமுக்கும் ஹைலைட்ஸுக்கும் சரி போடவேண்டும். ஹைலைட்ஸ் போட்டால் வெளிறிப்போன இடங்கள் மின்னி மின்னிக் காட்டிக்கொடுக்கும். கனொன்காரர் படத்தைப் பார்க்கும்போது இன்ஃபோ பட்டனைத் தட்டுங்கள். சோனியில் 'சன்னி வெதர்' என்று தனி வெளிச்சமே இருக்கிறது, வெயிலை விட்டு வந்ததும் கட்டாயம் மாற்றிவிடுங்கள். மிரர்லெஸ், அதாவது வியூஃபைண்டருக்குள்ளும் சின்னத் திரை உள்ள கமரா, வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு, வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்தே எடுத்த படத்தைப் பார்க்கலாம்.

பஸ் சீட்டை ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அதற்கும் காசு. திரையை 0 க்குக் கொண்டு வந்தேன். விடிய வெளிக்கிடும்போது பெரியம்மா, "இந்தா, வெயிலுக்குக் குடையைக் கொண்டு போ" என்று தன் கறுப்புக் குடையைத் தந்தார். அந்தக் குடைதான் அன்றைக்குக் கைகொடுத்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டி, கமராவுக்கு மேல் குடையைச் சரித்துப் பிடித்தால் 0 இலேயே திரை தெளிவாகத் தெரிகிறது. பள்ளிவாசலுக்கு எக்ஸ்போஷர் -0.3 போதும், ஹிஸ்டோகிராமின் மேடு வலது ஓரத்துக்குக் கிட்டப் போய் முட்டாமல் நின்றது. இரவில் திரையை -2 க்கு இறக்கி இறால் வடையைத் திரும்ப எடுத்தேன், இந்தத் தரம் மீசை வரைக்கும் வந்திருக்கிறது. பற்றரியும் முதல் நாள் தாமரைக் கோபுரத்தோடு படுத்துவிட்டது, திரையை இறக்கிய மறுநாளோ கடைசி வரை தாங்கியது.

படங்களைப் பெரியம்மாவிடம் காட்டினேன். பள்ளிவாசலில் நிறுத்தி, "இதைப் பெரிசாக் கழுவித் தா" என்றார். காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் 8க்கு 12 அளவில் கழுவினேன். வெள்ளை வெள்ளையாகவே வந்தது. சுவரில் மாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.