பறக்கும் யானை, மூணு கட்டம்

குறுக்கெழுத்துல ஒரு குறிப்பு: "பறக்கும் யானை (3)", அதாவது மூணு கட்டம். இதப் பாத்ததும் வேழம், களிறுன்னு யானைப் பேரா எழுதிப் பாக்கறவங்கதான் ஜாஸ்தி, ரெண்டும் மூணு கட்டத்துல அழகா ஒக்காரவும் செய்யும், ஆனா பறக்கறது எதுன்னும் பாக்கணும்ல? தும்பி. பூவச் சுத்தற வண்டும் தும்பிதான், யானையும் தும்பிதான்.

ஞாயித்துக்கிழம இங்க கோலாலம்பூர்ல மாமாக் கடையில, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, தே தாரிக் (இழுத்து ஆத்தற பால் டீ) சொல்லிட்டு நானும் பெரியப்பாவும் பேப்பர்ல குறுக்கெழுத்து போடுவோம். நான் வாய்க்கு வந்தத சொல்லிக்கிட்டே இருப்பேன், அவரு "மொதல்ல கட்டத்த எண்ணுலா"ன்னுவாரு. அவரு சொல்றது நியாயம்தான். "சந்திரன் (4)"னு வந்தா திங்கள், அம்புலி, மதியம் மூணுமே பொருந்தும், புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம்ல. மேலருந்து எறங்கற சொல்லு ரெண்டாவது கட்டத்துல 'தி' குடுத்துச்சுன்னா மதியம், 'ங்' குடுத்துச்சுன்னா திங்கள், பேச்சே இல்ல. இங்கிலீஷ்ல 26 எழுத்துதான், ஒரு எழுத்து தெரிஞ்சாலும் நெறைய வார்த்த மிச்சம் நிக்கும், நமக்கு 247, ஒரு கட்டம் விழுந்தாலே முக்காவாசி அவுட். அதோட புள்ளி எழுத்துல தமிழ்ச் சொல்லு ஆரம்பிக்காது, அதனால எங்க ஒரு சொல்லு தொடங்குதோ அந்தக் கட்டத்துல ம், ன் எல்லாம் வரவே வராதுன்னு கண்ண மூடிக்கிட்டு தள்ளிடலாம்.

சும்மா "சந்திரன் (2)"னு போடறது சோம்பேறித்தனம்னு நான் சொல்வேன். நிலா, மதி, பிறை, எத வேணா போடலாம், இதுல யோசிக்க என்ன இருக்கு? அதுவே "நண்பகலில் வரும் முழுநிலவு (4)"னு குடுங்க, மதியம்னு தெரிஞ்சதும் ஒரு சிரிப்பு வரும் பாருங்க. "அடுப்பில் எரியும் யானை (2)" கரி. "பொழுது சாய்ந்தால் கழுத்தில் விழும் (2)" மாலை. குறிப்ப ஒரே மூச்சுல படிச்சா மாட்டிக்குவோம், ரெண்டா ஒடச்சு ரெண்டுக்கும் பொதுவா ஒரு சொல்லு இருக்கான்னு பாக்கணும்.

பழைய ஆளுங்களுக்கு இது சுலபமா இருந்திருக்கும், திண்ணைப் பள்ளிக்கூடத்துலயே நிகண்டு, அதாவது பாட்டா இருக்கற சொற்பொருள் நூல், மனப்பாடம். சூடாமணி நிகண்டுல 11-ஆவது தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள்தான். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21-ல நியூயார்க் வேர்ல்டு பேப்பர்ல மொத குறுக்கெழுத்து போடறதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே நம்மகிட்ட சரக்கு ரெடி, கட்டம்தான் இல்ல.

போன வாரம் நானே ஒண்ணு செஞ்சேன்: "பசிக்குப் பின்னால் ஓடும் நதி (2)". சென்னையில இருக்கற நண்பனுக்கு வாட்ஸ்அப் பண்ணா வைகைன்னு அனுப்பறான், கட்டம் என்னமோ சரிதான், பசிக்கு என்ன பதில்னா ஆளக் காணோம். கோலாலம்பூர்ல காலைல யாரப் பாத்தாலும் பசியாறிட்டீங்களான்னுதானே கேக்கறோம், பெரியப்பா நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள 'ஆறு'ன்னு எழுதிட்டாரு.