பால் பெயிண்ட் கூத்து
மில்க் பெயிண்ட் பவுடர் வாங்கினேங்க, பால்ல இருக்கற கேசீன்ங்கற புரதம், சுண்ணாம்பு, கலர்ப்பொடி அவ்ளோதான், அந்த பெயிண்ட் நாத்தமே இல்ல. 1 கப் பொடிக்கு 1 கப் தண்ணி, மோர் பதத்துக்கு கலக்கி கொஞ்ச நேரம் ஊற விட்டு, பாலிஷ் போடாத பைன் ஸ்டூல்ல அடிச்சேன், மரம் அப்படியே குடிச்சிருச்சு, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி மேட்டா சூப்பரா வந்துச்சு. அதே ஜோர்ல பழைய வார்னிஷ் அலமாரிய தேய்க்காமலே அடிச்சேன் பாருங்க, காஞ்சதும் பொறுக்கு பொறுக்கா உரியுது. உப்புத்தாள் போட்டு தேய்ச்சிருக்கணும், இல்ல பெயிண்ட நல்லா ஒட்ட வைக்கற பாண்டிங் ஏஜென்ட் கலந்திருக்கணும், சோம்பேறித்தனம். மிச்சத்த மூடி வெச்சா மறுநாள் கெட்டித் தயிரு. அம்மா எட்டிப் பாத்துட்டு "உறை ஊத்துனியாடா?"ன்றாங்க. ஸ்டூலுக்கு இன்னும் மெழுகு போடல, அதுக்குள்ள யாரோ ஈர டம்ளர வெச்சு வட்டம் போட்டுட்டாங்க 😭