தையலுக்குள் மறையும் துணிக்கும் விலை உண்டு

துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதை விரித்துக் காட்டியதும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் அளவுதான். எத்தனை அடி என்று கேட்பார்கள். கடைப் போர்வையின் விலையோடு மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வாடிக்கையாளர் சொன்னபடி கையால் தைத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நானோ, விலை போடும்போது அளவைக் கடைசியில்தான் பார்க்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு குவில்ட்டுகளில் ஒன்றின் கூலி மற்றதைப்போல இரண்டு மூன்று மடங்கு வருவது சாதாரணம். அதைக் கேட்டுத் திகைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஏன் என்று உட்கார்ந்து விளக்குவதும் என் வேலையில் சேர்த்திதான்.

60 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பை 6 அங்குலச் சதுரங்களால் அமைத்தால் 120 துண்டுகள். 3 அங்குலம் என்றால் 480. 2 அங்குலம் என்றால் 1,080. ஒவ்வொன்றையும் வெட்டி, இணைத்து, தையலை இஸ்திரிப் பெட்டியால் படியவைத்து, நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் கூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கூடவில்லை என்றால் பிரித்துத் தைக்க வேண்டும்.

துண்டு சிறுத்தால் வேலை கூடும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. துணியும் கூடும் என்பதுதான் புரிவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கமும் தையலுக்காகக் கால் அங்குலம் விடுகிறோம். 6 அங்குலச் சதுரத்துக்கு ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும், 2 அங்குலச் சதுரத்துக்கு இரண்டரை. முகப்பின் பரப்பு இரண்டிலும் 4,320 சதுர அங்குலம்தான். ஆனால் பெரிய சதுரங்களுக்கு 5,070 சதுர அங்குலத் துணி போகிறது, சிறியவற்றுக்கு 6,750. கூடுதலாகப் போன துணியெல்லாம் தையலுக்குள் மடிந்து யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. வெட்டும்போது கழிவது தனி.

இத்தனையும் மேல் அடுக்குக்கு மட்டுமே. நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. அடித்துணி நான்கு பக்கமும் மூன்று நான்கு அங்குலமாவது தாராளமாக இருந்தால்தான் தைக்கும்போது இழுபட்டுக் குறையாது. மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நகராதபடி பெரிய தையலால் பிடித்துவைத்த பிறகு, மூன்றையும் ஊடுருவும் கைத்தையல். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்று வைத்து, 2 அங்குல இடைவெளியில் நீளவாக்கில் நேர்க்கோடுகளை மட்டும் ஓட்டினாலும் 29 கோடுகள், 16,000க்கும் மேற்பட்ட தையல்கள். பூவேலை, வளைவுகள் எதுவும் இதில் சேரவில்லை. கடைசியில் சுற்றிலும் 22 அடிக்கு ஓரப்பட்டி மடித்துத் தைக்க வேண்டும்.

அதனால் நான் முதலில் முடிவு செய்வது என் ஒரு மணி நேரத்துக்கான கூலியை. மேசையோரம் ஒரு நோட்டு இருக்கிறது. உட்காரும் நேரத்தையும் எழுந்திருக்கும் நேரத்தையும் அதில் குறித்துவிடுகிறேன். துணி தேடி அலைந்த நேரம், சாயம் இறங்குகிறதா என்று துவைத்துப் பார்த்த நேரம், வாடிக்கையாளரோடு பேசிய நேரம் எல்லாம் அதில் ஏறும். அடர் சிவப்புத் துணியைத் துவைத்துப் பார்க்காமல் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவு வராது, அந்த அரை நாளும் வேலைதான். நூல், ஊசி, கத்தி, இயந்திரப் பராமரிப்பு, மின்சாரம் ஆகியவற்றுக்கும் ஒரு பங்கு போடுகிறேன்.

பொருள் செலவை இரண்டால் அல்லது மூன்றால் பெருக்கி விலை போடும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. சுலபமான வழிதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. விலை உயர்ந்த துணியில் பத்துப் பெரிய துண்டுகளை இணைத்தவருக்கு அது அள்ளிக் கொடுக்கும், மலிவான துணியில் ஆயிரம் துண்டுகளை இணைத்தவரைப் பட்டினி போடும். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கும் இயந்திரத்தில் ஒரே மாதிரிக் கோடு ஓட்டுவதற்குத்தான் பொருந்தும்.

ஒரு பெண் தன் அப்பாவின் சட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அப்பா இறந்து அதிக நாளாகவில்லை. "துணி என்னுடையதுதானே அக்கா, கூலி மட்டும் போட்டால் குறைவாகத்தானே வரும்?" என்றார். நியாயமான கேள்வி. பதிலை வாயால் சொல்லாமல் ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முழங்கை இருந்த இடம் சல்லடையாகத் தெரிந்தது, தோளில் நிறம் வெளுத்திருந்தது. காலர், பட்டன் பட்டி, பக்கத் தையல்களைப் பிரித்தெடுத்தால் நேராக வெட்டக் கிடைப்பது முதுகுத் துணியும் முன்பக்கத்தில் கொஞ்சமும்தான். இன்னொன்று இழுத்தால் நீளும் பனியன் துணி. அதற்குப் பின்னால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுத்துணி கொடுத்து இஸ்திரி போடாமல் வெட்டவே முடியாது. புதுத் துணியில் தைப்பதைவிட இதில் நேரம் அதிகம் என்பதை அவரே கண்டுகொண்டார். பிறகு ஒரு பையை, பேனா மை படிந்த சட்டைப் பையை, விரலால் தடவிக்கொண்டே கேட்டார். "இதை மட்டும் வெட்டாமல் வைக்க முடியுமா?"

முடியும் என்றேன். தொகையைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. அந்த இடத்தில்தான் பலர் இரக்கப்பட்டுக் கூலியைக் குறைத்துவிடுவார்கள். நான் வேலையைக் குறைக்கிறேன். கட்டிலை மூடும் அளவு வேண்டாம், மடியில் போர்த்திக்கொள்ளும் அளவு போதும் என்று முடிவானது. சதுரங்களைப் பெரிதாக்கினோம். வளைவு வேலைக்குப் பதிலாக நேர்க்கோடு. மை படிந்த பை அப்படியே நடுவில். அவர் கையிலிருந்த தொகைக்குள் வேலை அடங்கியது, என் மணி நேரக் கூலியும் குறையவில்லை.

இதில் நான் பிடிவாதக்காரி. பொழுதுபோக்காகத் தைப்பவர் நூலுக்கும் துணிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு விற்றால், தையலின் விலை பூஜ்யம் என்று வாங்குபவர் மனத்தில் பதிந்துவிடும். அடுத்த வீட்டில் இதை நம்பி வாழ்பவரின் பிழைப்பு அதில் அடிபடும். மனம் இருந்தால் சும்மா கொடுங்கள் என்பேன். நானும் பிரியமானவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுத்திருக்கிறேன், மகிழ்ச்சியாகக் கொடுத்திருக்கிறேன். பரிசு பரிசாக இருக்கட்டும், விற்பனை விற்பனையாக இருக்கட்டும்.

துணியில் கத்தி வைப்பதற்கு முன் பாதித் தொகையை வாங்கிவிடுகிறேன். ஒரு குழந்தையின் பெயர் தைத்த குவில்ட்டை வேறு யார் வாங்குவார்கள்? அளவு, துண்டுகளின் எண்ணிக்கை, துவைக்கும் முறை, முடித்துத் தரும் மாதம் எல்லாம் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம்.

படம் வரைந்து நிறம் தேர்ந்தெடுக்கும் நேரம்தான் இன்னும் என்னை யோசிக்கவைக்கிறது. அதில் பாதி என் ஆசைக்காகச் செய்வது, அதற்கு இன்னொருவரிடம் காசு கேட்க மனம் வருவதில்லை. இப்போதைக்கு முதல் படத்துக்குக் கூலி இல்லை, மாற்றி வரையச் சொன்னால் உண்டு என்று அதே தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.