நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி

நவம்பர் 18

தென்னை, பனை, கட்டட சாரம், கிணற்றுத் திட்டு, பைக். தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றுதான் வரும். பாதிக்கப்படுபவர்களில் பலர் சம்பாதிக்கிற வயது ஆண்கள். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று வாரம் வார்டு நிறைய சொந்தக்காரர்கள் நிற்பார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் கட்டிலடியில் வரிசை கட்டும். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆனபின் வாசலில் செருப்பே இருக்காது. ஏற்கெனவே அடிபட்டுத் தேறிய ஒருவர் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை முகம் காட்டினால் போதும். டிஸ்சார்ஜ் ஆன இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு தடவையாவது போக வேண்டும்.

இப்படிப் பார்க்கப் போகிற எங்கள் குழுவில், யார் போவது என்பதில் கறாராக இருக்கிறோம். கழுத்தில் அடிபட்டவரிடம், இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்தவர் போய் "என்னைப் பாருங்க" என்றால் எடுபடாது. அவருக்குக் கை இருக்கிறதே என்றுதான் படுத்திருப்பவர் நினைப்பார். ஏறக்குறைய அதே மட்டத்தில் காயம், அதே மாதிரி வீடு, அடிபட்டு இரண்டு வருஷமாவது கழிந்திருக்க வேண்டும். நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தாமல் பக்கவாட்டில், முகத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். முதல் சந்திப்பு நாற்பது நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

முதல் கேள்வி எப்படி அடிபட்டது என்பது பற்றி வேண்டாம். அதை அவர் நூறு பேரிடம் சொல்லி அலுத்திருப்பார்.

"ராத்திரி யாரு தம்பி திருப்பிப் போடுதா?"

"அம்மைதாண்ணே."

"எத்தன மணிக்கெல்லாம்?"

இப்படிக் கேட்கிறவருக்கு விஷயம் தெரியும் என்று அந்தப் பையனுக்கு அங்கேயே புரிந்துவிடும். பேச்சு தானாக வரும்.

நவம்பர் 21

சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்றுதான்: "ஆறு மாசத்துல எந்திரிச்சு நடந்துருவீங்க."

நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் சக்கர நாற்காலியைத் தொட மாட்டார். தொட்டால் தோற்றதாக நினைப்பு. வீட்டார் எண்ணெய் வைத்தியத்துக்குக் கடன் வாங்குவார்கள். இன்னொரு ஆபத்து ஒத்தடம். உணர்ச்சியில்லாத காலுக்குச் சூடு தெரியாது. மணல் மூட்டையும் வெந்நீர்ப் பையும் தோலைப் பொசுக்கியபின் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அது ஆற மாதக்கணக்காகும். எவ்வளவு திரும்பும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். பார்க்கப் போகிறவர் நாளைக்கு என்ன செய்யலாம் என்பதைச் சொன்னால் போதும்.

நவம்பர் 26

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் பலகை. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 20 முதல் 25. இரண்டு முனையையும் சரிவாகச் சீவி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடிக்க வேண்டும். ஊர் ஆசாரி ஒரு மணி நேரத்தில் செய்து தருவார்.

நாற்காலியைக் கட்டிலுக்கு 30 டிகிரி சாய்வாக ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, அந்தப் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கணும். கயிற்றுக் கட்டில் தொய்வதால் ஆகாது, பெஞ்சுக் கட்டில்தான் சரி. மறுபக்கம் சாய்ந்து, பலகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடைக்கு அடியில் செருகணும். பிறகு தலை எந்தப் பக்கம் குனிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடுப்பு நகரும். இதுதான் சூட்சுமம், நேரில் செய்து காட்டினால்தான் பிடிபடும். உடம்பை இழுக்காமல், சிறு சிறு தூக்கலாக நான்கைந்து தடவையில் கடக்க வேண்டும். பலகை விளிம்புக்கு அடியில் விரலைக் கொடுத்தால் நசுங்கும்.

நாற்காலி நழுவினால் பயத்தில் மனிதர் ஒரு மாதம் பலகையைத் தொட மாட்டார். குற்றம் பெரும்பாலும் டயரில்தான் இருக்கும். இந்த நாற்காலிகளின் பிரேக் கட்டை டயரின் மேல் அழுத்தி நிறுத்துவது. காற்று குறைந்தால் கட்டைக்கும் டயருக்கும் இடைவெளி விழுந்து பிடிக்காது. அதனால் முதலில் சைக்கிள் பம்பு, பிறகுதான் பலகை. லுங்கியும் வேண்டாம், சக்கரத்தில் சுற்றும். பின்பாக்கெட் இல்லாத, தடித்த தையல் இல்லாத அரைக்கால் சட்டை நல்லது.

பாராட்டும்போது "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனால் பயனில்லை. "நேத்து மூணு தடவ வழுக்குச்சு, இன்னிக்கு ஒண்ணுதான்" என்று எண்ணிச் சொல்லுங்கள். எண்ணிச் சொல்கிறவர் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த நாள் அவரே எண்ணுவார்.

டிசம்பர் 1

மழை. தெருவெல்லாம் சகதி, முன் சின்னச் சக்கரம் புதைகிறது. போனில்தான் பேச்சு. "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "கண்ணாடி பாத்தியா?" என்று கேட்க வேண்டும். காலையும் இரவும் கைக்கண்ணாடியில் பின்பக்கம், முதுகின் அடி எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் எல்லாம் பார்க்கணும். சிவப்பை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் முதல் படி. நிறம் திரும்பும்வரை அந்த இடத்தில் பாரம் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடு, தடிப்பு, கல் மாதிரி இறுக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கணும்.

டிசம்பர் 3

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். பொன்னாடை நாள்.

விழாக்களில் வாடிக்கையாக நடப்பது இது. மேடை மூன்றடி உயரம். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். மூன்றடிக்கு 36 அடி வேண்டும். யாரும் போட மாட்டார்கள். நான்கு பேர் நாற்காலியோடு தூக்குவார்கள், ஒருவர் கழன்று வரும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார். பத்து மணி விழா பன்னிரண்டுக்குத் தொடங்கும். "தன்னம்பிக்கையின் சிகரம்" என்று ஆளாளுக்குப் பேசி முடிக்க இரண்டாகும். அந்த நான்கு மணி நேரமும் மேடையில் இருப்பவர், எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் முன்னால் குனிய மாட்டார். சிறுநீர் டியூப் போடும் நேரமும் தாண்டிவிடும். ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் உட்காரும் எலும்பில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு. அடுத்து ஒரு வாரம் குப்புறப் படுக்கை. ஊக்கம் கொடுத்தோம் என்று அவர்கள் போய்விட்டார்கள்.

விழாவைத் தரையில் வையுங்கள். அவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்த்தி வைக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் அவர் நெஞ்சு தொடையில் படக் குனிந்தால், மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். இரத்தம் ஓடுவதற்காகத்தான் அப்படிக் குனிகிறார். பொன்னாடைக்குப் பதில், நாற்காலியில் போட்டு உட்கார நாலு அங்குல அடர்நுரை மெத்தை வாங்கிக் கொடுத்தால் புண்ணியம். சைக்கிள் டியூப் மாதிரி நடுவில் ஓட்டையுள்ள வளையம் வேண்டவே வேண்டாம். சுற்றி அழுத்தி நடுத்தோலுக்கு இரத்தத்தைத் தடுக்கும்.

டிசம்பர் 9

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோது அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இளம் மருத்துவர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையில் பெயர் பெற்றிருந்த டாக்டர் பால் பிராண்ட், அவரை அந்தப் பணிக்கு இழுத்தார். ஆறுதல் வார்த்தையை விட அந்தத் தேர்வுதான் பெரிது என்போம். கை அறுவையை எந்த மருத்துவரும் உட்கார்ந்தே செய்யலாம். அந்த நாற்காலியில் சக்கரம் இருந்தால் அறுவைக்கு ஒரு குறையும் இல்லை. சலுகையாகக் கொடுத்த வேலையாக இல்லாமல், மற்றவர்களோடு ஒரே தரத்தில் நிற்கிற வேலையாக அது அமைந்தது. பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

டிசம்பர் 15

ஆகவே வேலை தேடுவது. உட்கார்ந்து பழகாதவரை எடுத்ததும் கடையில் உட்கார்த்தக் கூடாது. முதல் நாள் அரை மணி, இறங்கியதும் கண்ணாடி. தோல் சுத்தமாக இருந்தால் மறுநாள் கால் மணி கூட்டலாம். இரண்டு மணி நேரம் எட்டியதும் ஒரு பொறுப்பு.

யாராவது காத்திருக்கிற வேலையாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கிறதில்லை. ஊதுபத்தி உருட்டினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத் திண்ணையில் எட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாட்டு நோட்டோடு வந்து உட்கார்ந்தால், அவர் ஐந்துக்கே தலை சீவியிருப்பார். ரேஷன் அட்டை, ஓய்வூதிய மனு எழுதித் தருவதும் இதே ரகம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வாசலில் நின்று "எண்ணே, என் மனு என்னாச்சு?" என்று கேட்பதை மிஞ்சின மருந்து கிடையாது.

தடங்கல் சிறுநீரில் வரும். பிள்ளைகள் முன்னால் நனைந்துவிடுமோ என்று மதியத்திலிருந்தே தண்ணீரை நிறுத்துவார்கள். அடுத்து தொற்று, கல், காய்ச்சல். டியூப் போட்டு எடுக்கிறவர் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கணும், ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறைக்கணும், தண்ணீரைக் குறைக்கக் கூடாது. ஐந்து மணிக்கு எடுத்துவிட்டு உட்கார்ந்தால் வகுப்பு முடியும்வரை கவலையில்லை.

டிசம்பர் 22

படுத்திருப்பவரைத் தட்டிக்கொடுக்க ஆள் உண்டு. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்து திருப்பிப் போடுகிற அம்மாவை, மனைவியை யார் கேட்கிறார்கள்? நான்காக மடித்த வேட்டியை அவருக்கு அடியில் விரித்து, அதைப் பிடித்துத் திருப்பினால் பாதி பலம் போதும், தோலும் உராயாது. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது தம்பியோ மாமனோ அந்த அலாரத்துக்கு எழட்டும். பார்க்கப் போகும்போது மதினியிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்.

டிசம்பர் 28

ஊக்கம் எடுபடாத இடங்கள் உண்டு. சாப்பாட்டைத் தள்ளுவது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வது, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு. அந்த நேரத்தில் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. தனியாக விடாமல், வீட்டாரிடம் சொல்லி, மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். போனில் உடனடியாகப் பேச 14416, 104 என்ற இரண்டு உதவி எண்கள் இருக்கின்றன.

இன்னொன்று. முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியின் ஆறாம் எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் வலி, முகத்தில் வியர்வை வந்தால், மனச்சோர்வு என்று நினைத்துவிடக் கூடாது. இரத்த அழுத்தம் எகிறுகிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்பில் இறுக்கமானதைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கணும். குறையாவிட்டால் தாமதிக்காமல் 108.

ஜனவரி 10

1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன், அப்போது பொறியியல் மாணவர். ராணுவ மருத்துவமனையில் அவரைத் தேற்றியவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். 1981-ல், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், ராமகிருஷ்ணன் சில குழந்தைகளோடு ஊரில் தொடங்கிய அமைப்புக்கு அந்த மருத்துவரின் பெயரைத்தான் வைத்தார்: அமர் சேவா சங்கம். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பிற்பாடு தோள் கொடுத்தார். தென்காசிப் பக்கம் "அமர்" என்கிற பலருக்கு அது ஒரு சர்தார்ஜி டாக்டரின் பெயர் என்பது தெரியாது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ.

ஜனவரி 12

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு நடக்கிறது. கட்டிலை இடம் மாற்றினால் நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி விட்டு வையுங்கள். சாய்தளத்தில் கோலமாவு கொட்டினால் சக்கரம் வழுக்கும், கோலத்தை ஓரமாகப் போடச் சொல்லுங்கள். நாலைந்து நாள் மருந்துக்கடை திறக்குமோ என்னமோ. டியூப், ஜெல், கையுறை நாளைக்கே வாங்கிவிட வேண்டும். சாயங்கால வகுப்புக்கு லீவு விடலாமா என்று கேட்டதற்கு, பிள்ளைகள் மாட்டுப்பொங்கல் அன்று மட்டும் போதும் என்கிறார்களாம்.