மாதாவும் ஒரு அம்மன்தான், ஆனால்...

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதற்கு முன்பே சாலையோரம் காவி உடுத்திய கூட்டம் நடக்கத் தொடங்கிவிடும். நெற்றியில் குங்குமத்தோடு போகிற பெண்களை அதில் பார்க்கலாம். மொட்டை போடுவது, தொட்டில் கட்டுவது எல்லாம் நம் கோயில்களில் செய்கிற அதே நேர்த்திக்கடன்தான். பல இந்துக்களுக்கு மாதா இன்னொரு அம்மன். பூஜையறையில் முருகனுக்குப் பக்கத்தில் இயேசு படம் இருந்தாலும் உறுத்தாது.

"நீங்கள் கும்பிடுவது சாத்தான்" என்று யாராவது வாசலில் நின்று சொன்னால்தான் மனசு சுருங்குகிறது. அந்த வலி நியாயமானது. அதை மதவெறி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் அந்த ஒருவரை வைத்து எல்லாக் கிறிஸ்தவர்களையும் எடை போடுவது அநியாயம். அதிலும் "சலுகைக்காக மாறினவர்கள்" என்கிற பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். அதை இழந்தும் ஒருவர் போகிறார் என்றால், எதை விட்டு விலகிப் போகிறார் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். (அங்கேயும் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் ஊர்கள் உண்டு என்பது தனி வேதனை.)

1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு.போப் ஒரு பாதிரியார். சைவர்கள் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

கிறிஸ்தவ நண்பர்களே, எங்கள் வீட்டில் சாப்பிடத் தருவது சாமிக்குப் படைத்ததா என்று தயக்கமாக இருந்தால் நேராகக் கேளுங்கள். படைப்பதற்கு முன்பே உங்களுக்குத் தனியாக எடுத்து வைக்கிறோம்.