வேர் கிடக்குமே மிஸ்

மாத்திரை எண்ணுவது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் அன்றாட வேலை. போன மாதம் கொடுத்ததில் எத்தனை மீதி என்று பார்த்தால், எத்தனை வேளை தவறியது என்று தெரிந்துவிடும். 2014-ல் பாட்டியோடு வந்துகொண்டிருந்த 11 வயதுப் பையனுக்குக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. "சமத்து" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவேன். ஆனால் அந்த முறை சிடி4 எண்ணிக்கை, அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

அடுத்த வாரம் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேசையில் மாத்திரைகளைக் கொட்டினார். மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்தானாம். பாட்டியை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஏன் என்று கேட்டேன்.

"சளிக்குத்தானே மிஸ் மாத்திரை? எனக்குத்தான் சளியே இல்லையே."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. சளி மாத்திரை என்று வீட்டில் சொன்ன பொய்யை, பாட்டி கெஞ்சினார் என்பதற்காக நானும் மூன்று வருடம் சொல்லிவந்தேன். 6 முதல் 12 வயதுக்குள் பிள்ளைகளுக்கு அவர்கள் நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டியிருந்தது. படித்திருந்தும் தள்ளிப்போட்டேன். கூரையிலிருந்த மாத்திரைகளுக்கு நானும் பொறுப்பு.

பாட்டியின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. "பள்ளிக்கூடத்துல வாய்தவறிச் சொல்லிப்புட்டான்னா ஒதுக்கி வச்சிருவாகளே தாயி" என்று அழுதார். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பள்ளியிலோ வேலையிலோ ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் 2017-ல்தான் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அன்று அவருக்குக் காட்ட என்னிடம் அதுகூட இல்லை.

ஒரே நாளில் சொல்லவில்லை. அதுவரை பிள்ளைகளுக்குப் படைவீரன் கதைதான் சொல்வேன்: வெள்ளை அணுக்கள் வீரர்கள், கிருமி எதிரி, மாத்திரை ஆயுதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்று கேட்பார்கள், "சண்டை எப்ப முடியும்?" அதற்கு என்னிடம் பதில் இருக்காது. இவனிடம் கதையை விட்டுவிட்டுப் பேசினேன். உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை போட்டால் பெருகாது, நிறுத்தினால் பெருகிவிடும், முழுதாக எடுக்க இன்னும் மருந்து வரவில்லை என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "சீமைக்கருவேலம் மாதிரியா மிஸ்? வெட்டினாலும் வேர் கிடக்குமே. ஒரு மழை பேஞ்சா மறுபடி வந்துரும்."

அதேதான். மருந்து, கிருமி பெருகுவதைத் தடுக்கும். ஆனால் சில அணுக்களுக்குள் அது உறங்கிக் கிடக்கும். உறங்கும் கிருமியை மருந்து ஒன்றும் செய்யாது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை. வேலிக்காட்டில் விறகு வெட்டும் வீட்டுப் பிள்ளை அவன். மாத்திரையை ஏன் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்று அதன்பிறகு நான் விளக்கவே இல்லை. அவனே பாட்டிக்கு விளக்கினான்.

நான்காவது சந்திப்பில் கிருமியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"எச்.ஐ.வி.தானே மிஸ்? வெளிய போர்டுல போட்டிருக்கே." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாட்டிகிட்ட சொல்லிராதீங்க. அழுவாங்க" என்றான்.

பாட்டியை உள்ளே கூப்பிட்டேன். அவர் அழத்தான் செய்தார். அவன் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்டான், "எங்கம்மா ஏன் மிஸ் இந்த மாத்திரை சாப்பிடல?"

அவன் அம்மா இறந்தது 2004 பொங்கல் கழிந்த வாரம். தாம்பரம் சானடோரியத்தில் அரசு இலவசமாக இந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது அந்த ஏப்ரலில். பொய் போதும் என்று தோன்றியது. தேதிகளை அப்படியே சொன்னேன்.

அவன் விரல்விட்டு எண்ணினான். "மூணு மாசம்" என்றான் பாட்டியிடம்.