புழு ஓடியா போவும்?

களியக்காவிளைப் பக்கம் ஒரு கிராமம், ராத்திரி பத்தரை மணி. ஒரு கையில் டார்ச், மறு கையில் ஸ்லைடுப் பெட்டி, பின்னாடியே குரைத்துக்கொண்டு நான்கு நாய்கள். யானைக்கால் சோதனைக்கு ரத்தம் எடுக்க நாங்கள் தட்டிய கதவைத் திறந்த பெரியவர் லுங்கியை இறுக்கிக்கொண்டே கேட்டார்: "உறக்கத்துல எழுப்பியா குத்துவிய மக்ளே? பகல்ல வந்தா உங்க புழு ஓடியா போவும்?"

கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் நிஜமாகவே ஓடித்தான் போகும்.

யானைக்கால் புழு போடும் குஞ்சுகளுக்கு மைக்ரோபைலேரியா என்று பேர். பகலெல்லாம் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிக் கிடந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல்தான் விரல்நுனி ரத்தத்துக்கு வரும். இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதானே. 1870-களின் கடைசியில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்துகொண்டு பாட்ரிக் மான்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கவனித்துச் சொன்ன விஷயம் இது. அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் லேப்காரர்கள் எல்லோரும் புழுவின் டைம்டேபிளுக்குத்தான் கண்விழித்தோம். விழித்தும் என்ன, சாதாரணமாக எடுப்பது 20 மைக்ரோலிட்டர், ஒரு சொட்டுகூட முழுதாக இல்லை, அதைத் தடவிக் காயவைத்து மறுநாள் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் கழுத்து வலிக்கத் தேடினாலும், புழு குறைவாக இருக்கிற ஆளென்றால் தப்பிவிடும்.

அப்புறம்தான் ஆன்டிஜென் கார்டு வந்தது. அது குஞ்சைத் தேடுவதில்லை, நிணநீர்க் குழாயில் குடியிருக்கும் தாய்ப்புழு வெளிவிடும் புரதத்தைப் பிடிக்கிறது. அந்தப் புரதத்துக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான், ஆக ஊரார் தூக்கமும் எங்கள் தூக்கமும் பிழைத்தன. 2013-ல் ஆய்வு முடிவு வெளியான சோதனைப் பட்டை இன்னும் நுணுக்கமானது: 75 மைக்ரோலிட்டர் ரத்தம், பத்து நிமிடம், அவ்வளவுதான். பத்து என்றால் பத்துதான். பழைய கார்டை வைத்துவிட்டு ஒருமுறை டீ குடிக்கப் போய்விட்டேன், திரும்பி வந்தபோது நோய் இருந்தால் மட்டும் விழ வேண்டிய இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது, ஒரு பையனுக்கு இல்லாத நோயை எழுதிவிட இருந்தேன்.

சரி, எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. இந்தப் பட்டைக்குத் தெரிந்த புழு வுசெரேரியா பான்கிராப்டி மட்டும். கேரள எல்லை தாண்டி வடக்கே, சேர்த்தலைப் பக்கம் பேர்போனது புரூஜியா மலாயி என்ற இன்னொரு யானைக்கால் புழு. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் லார்வாக்கள் குளத்து ஆகாயத்தாமரை வேரைத் துளைத்து அதிலிருந்து மூச்சு வாங்கும், அதனால் அங்கே கொசுவை ஒழிப்பதென்றால் முதலில் குளத்துப் பாசியையும் செடியையும் வாரவேண்டும். இந்தப் பட்டை புரூஜியாவைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அதற்கென்று தனியாக ஆன்டிபாடி டெஸ்ட் உண்டு, புழுவை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதத்தைத் தேடுவது அது, ஆனால் புழு செத்த பிறகும் ஆன்டிபாடி உடம்பில் தங்கிவிடும், பெரியவர்களிடம் பார்த்தால் இன்றைய நோயா பழைய நோயா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊரில் நோய் இன்னும் பரவுகிறதா என்று பார்க்க ஆறேழு வயதுப் பிள்ளைகளைத் தேடிப்போவது அதனால்தான். ஊருக்கெல்லாம் யானைக்கால் மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகு பிறந்த பிள்ளைக்கு நோய்க்கான கோடு விழுந்தால், அது புதுசு.

மலையாளத்தில் இந்த நோய்க்கு மந்து என்று பேர். கேரளத்து நாட்டார் கதையான நாறாணத்துப் பைத்தியக்காரன் கதையில் சுடுகாட்டுக் காளி வரம் தருகிறேன் என்று விடாமல் நிற்க, இடது காலில் இருக்கிற மந்தை வலது காலுக்கு மாற்றிக்கொடு போதும் என்பான் அவன். எங்கள் அம்மச்சிக்கும் இடது கால்தான். இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பாள், ஆனால் யார் வந்தாலும் சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள்.

முகாமில் அவளுக்கும் பார்த்தேன். ஒரே கோடு. நெகட்டிவ்.

"புழு இல்ல அம்மச்சி."

"பின்ன இது ஆருக்க காலு?"

முகாமில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் பதில் வரவில்லை. புழுக்கள் ஆறேழு வருடம் இருந்து நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிட்டு எப்போதோ செத்துப்போயிருக்கும், வீக்கம் மட்டும் நின்றுவிட்டது. இப்படி வீங்கிய கால்காரர்கள் நிறையப் பேருக்கு ராத்திரி ரத்தத்திலும் ஒன்றும் இருக்காது, பட்டையிலும் இரண்டாவது கோடு விழாது. எவ்வளவு துல்லியமான ஆன்டிஜென் டெஸ்ட் வந்தாலும் அது உயிரோடு இருக்கிற புழுவைத்தான் தேடும்.

அன்று சாயங்காலம் வீட்டில் வாளியில் தண்ணீரும் சோப்பும் எடுத்து வந்து அவள் விரலிடுக்கு ஒவ்வொன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அவளைப் படுக்கவைக்கும் குளிர்காய்ச்சல், அங்கே இருக்கிற வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாவால் வருவது. கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.